மாமாவின் படியும் அம்மாவின் உழக்கும்

கருப்பட்டி மிட்டாய் வீட்டில் செய்கிற பண்டமில்லை என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதிரசம் வீட்டில் சுடலாம், முறுக்கு சுற்றலாம், சீடை உருட்டலாம். கருப்பட்டி மிட்டாய் என்றால் கொடை வரவேண்டும். கோயிலுக்கு எதிரே கீற்றுக் கொட்டகை போடவேண்டும். மண்ணைத் தோண்டி அடுப்பு வைத்து, நாங்கள் உள்ளே இறங்கி உட்காரலாம் போலிருக்கிற இரும்புச் சட்டியில் கடலெண்ணெய் காயவேண்டும். மேளச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, ஓலைக் கொட்டானில் வாங்கிக்கொண்டு வந்து தின்னவேண்டும். மற்ற நாளில் அதைப்பற்றி யாரும் பேசுவதுகூடக் கிடையாது.

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகிற கரிசல் கிராமம் எங்களுடையது. பருத்தியும் கம்பும் விளையும்; மழை பொய்த்தால் தீப்பெட்டிதான் சோறு போடும். அந்த வட்டாரத்துக்குத் தின்பண்டத்தில் ஒரு தனிப் பிடிவாதம் உண்டு. சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலை மிட்டாய், மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. கடலை மிட்டாய்க்கு 2020-இலும் பால்கோவாவுக்கு 2019-இலும் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். இந்த மூன்றையும் பெட்டியில் போட்டுப் பேருந்து நிலையத்தில் விற்கலாம், ஊர் ஊராக அனுப்பலாம். கருப்பட்டி மிட்டாய் அப்படிப் பெட்டிக்குள் அடங்குவதில்லை. மூன்றாம் நாள் அது நமத்துவிடும். அதனால்தானோ என்னவோ, திருவிழாவோடு ஒட்டிக்கொண்டே கிடந்துவிட்டது.

என் தாய்மாமா அந்த மிட்டாய்க் கடையில் வேலை பார்த்தார். கடை என்றால் கட்டடம் இல்லை. ஒரு முதலாளி, ஒரு மாட்டு வண்டி, பிற்பாடு ஒரு டெம்போ. பங்குனியில் விருதுநகர் மாரியம்மன் பொங்கல், ஆடியில் இருக்கன்குடி, சங்கரன்கோவில் தபசு, நடுவில் சின்னச் சின்ன ஊர்க் கொடைகள் என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். கூட்டத்துக்குள் ஒரு படிநிலை இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் மாவு ஆட்டுவான். கொஞ்சம் விவரம் தெரிந்தால் அடுப்பு. அதற்கு மேலே பாகு பார்க்கிறவர். எல்லாருக்கும் மேலே பிழிகிறவர். அவர் முன்னால் முதலாளியே மெதுவாகத்தான் பேசுவார். மாமா பத்து வயதில் ஆட்டுரலில் உட்கார்ந்து, மீசை நரைக்கத் தொடங்குகையில் பிழிகிற இடத்துக்கு வந்தவர். பேச்சிலும் அந்தத் தோரணை வந்துவிட்டது. “மருமகனே, மாவு ஆட்டுறவன் ஆயிரம் பேர் இருக்கான். கை ஒருத்தனுக்குத்தான் வாய்க்கும்” என்பார்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கொடை எதுவும் இருக்காது. தீபாவளிச் சரக்கு முடிந்ததும் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அப்படி ஒரு மழைக்காலத்தில்தான், 80-களின் நடுவில், அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது, எரிச்சல்தான். அந்த ஆண்டு கொடையில் காசு கொடுத்து வாங்கிய மிட்டாய் மறுநாள் விடிவதற்குள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. “மிட்டாய்க்காரனை வீட்டுல வச்சு மூணு வேளையும் சோறு போடுதேன். நான் போயி அந்தச் சரக்கைக் காசு குடுத்து வாங்கணுமா? ஏல தம்பி, எந்திரி. இங்கன போடு பாப்போம்.”

மாமா சிரித்தார். “யக்கா, வீட்டுல வராது. ஒரு மரக்கா அரிசியாவது வேணும். சரி, உனக்காக ஒரு படி. படிக்குக் கீழ எனக்குக் கை வராது.”

“எனக்கு ஒரு உழக்குதான் வேணும். ஆறு பேருக்கு ஒரு படியைப் போட்டு எவன் திங்க?”

நாலு உழக்கு சேர்ந்தது ஒரு படி. அவர்கள் இரண்டு பேருடைய சண்டையும் அந்த வித்தியாசத்துக்குள்தான் நடந்தது. நான் இதை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான். வீட்டில் செய்வதென்றால் கடைக்காரர் செய்வதையே சின்னதாகச் செய்வது என்று மாமா நினைத்தார். அம்மா அப்படி நினைக்கவில்லை. அளவு சின்னதானால் வேலையே வேறு வேலை என்பதை அடுப்பு முன்னால் நின்று அவள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள்.

மிட்டாய்க்கு வேண்டியது புழுங்கலரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு. அவ்வளவுதான். வடக்கே மைதாவைப் புளிக்கவைத்து ஜிலேபி பிழிகிறார்கள். வெறும் உளுந்தை அரைத்து இமர்த்தி, நம் பக்கத்து ஜாங்கிரியும் அந்தச் சாதிதான். எங்கள் மிட்டாய் மட்டும் அப்படியே இட்லிக்கு நனைத்தது. காலையில் அவித்தால் இட்லி, அதையே புளிக்கவிடாமல் கெட்டியாக ஆட்டி எண்ணெயில் பிழிந்தால் மிட்டாய். இதில் பணக்காரப் பண்டம் ஒன்றும் கிடையாது. நெய் இல்லை, முந்திரி இல்லை, கேசரிப் பவுடர் இல்லை. காட்டு வேலைக்குப் போகிற வீட்டில் என்ன இருக்குமோ அதை வைத்து ஒருவன் யோசித்திருக்கிறான்.

முதல் சிக்கல் ஆட்டுரலிலேயே வந்தது. ஒரு மரக்கால் அரிசி என்றால் மாவு குழவியைச் சுற்றி ஏறி நிற்கும், தள்ளித் தள்ளிவிட்டால் தானே அரைபடும். ஒரு உழக்கு அரிசியும் அரை ஆழாக்கு உளுந்தும் குழிக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். குழவி கல்லோடு கல்லாய் உரசும். மாமா கடைப்பழக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரைச் சாய்த்தார். மாவு தோசைப் பதத்துக்குப் போய்விட்டது. பிழிந்தபோது வட்டம் நிற்காமல் எண்ணெயில் பரவி, அப்பளம் மாதிரி மிதந்தது. மாமா சட்டியை முறைத்துப் பார்த்தார். அம்மா எதுவும் சொல்லவில்லை. அப்பளத்தை எடுத்து எங்களிடம் நீட்டினாள். நாங்கள் பாகில் தோய்த்துத் தின்றோம்.

அடுத்த முறை அவளே ஆட்ட உட்கார்ந்தாள். உளுந்தைத் தனியாக முதலில் போட்டாள். தண்ணீரைச் செம்பிலிருந்து ஊற்றாமல் விரலை நனைத்துத் தெளித்தாள். உளுந்து பொங்கி நுரைத்துக் குழவியில் ஒட்டத் தொடங்கிய பிறகுதான் அரிசியைச் சேர்த்தாள். பொங்கிய உளுந்தே அரிசியைப் பிடித்து மேலே ஏற்றிக்கொண்டது. உளுந்துக்கு அந்தக் குணம் உண்டு. அதில் இருக்கிற பசை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு மாவைக் கிண்ணத் தண்ணீரில் விட்டால் அமிழாமல் மிதக்கவேண்டும். கடையில் இதற்குப் பதிலாக ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போடுவார்கள் என்று மாமாவே ஒத்துக்கொண்டார். அம்மா சோடாவைக் கிட்டவே சேர்க்கவில்லை. உளுந்து கூடினாலும் வம்புதான், மிட்டாய் எண்ணெயைக் குடிக்கும். குறைந்தால் பல்லை உடைக்கும். அந்த அரை ஆழாக்கைத் தலைதட்டி அளப்பதில் அம்மா காட்டிய கறாரை அப்பா தீப்பெட்டி ஆபீஸ் கணக்கில்கூடக் காட்டியிருக்கமாட்டார்.

பிழிவதற்கு மாமாவிடம் சொந்தத் துணி இருந்தது. தடித்த காடாத்துணி, நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிச் சட்டைப் பொத்தானுக்குப் போடுவதுபோல் காஜா அடித்திருக்கும். மாவை அதில் வைத்து மூட்டையாகக் கூட்டிப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையை மட்டும் சுழற்றுவார். முதலில் ஒரு வட்டம், அதன் மேலேயே சின்னச் சின்னச் சுழிகளாக இன்னொரு வட்டம். இரண்டையும் ஒரே மூச்சில் முடிப்பார். அந்தத் துணியை வேறு யாரும் தொடக்கூடாது. துவைப்பதுகூட அவர்தான், கிணற்றடியில் தனியாக.

அம்மா துணியைக் கேட்கவே இல்லை. தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்தாள். சிரட்டைக்கு மூன்று கண் உண்டு, அதில் ஒன்று மட்டும் இளகின கண். தென்னை முளைவிடுவது அந்தக் கண் வழியாகத்தான். ஆணியை வைத்து அழுத்தினால் போதும், சுத்தியல்கூட வேண்டாம். உள்ளே வழவழப்பாகத் தேய்த்து, கண்ணை விரலால் பொத்திக்கொண்டு மாவை ஊற்றி, சட்டிக்கு மேலே போனதும் விரலை எடுப்பாள். மாவு தன் கனத்திலேயே இறங்கும். அழுத்தவேண்டியதில்லை. மாமாவின் மிட்டாயில் இருக்கிற சுழி இதில் வராது, வெறும் வளையம் மேல் வளையமாகத்தான் விழும். பார்க்கக் கொஞ்சம் கோணல்தான். தீப்பெட்டிக் கட்டை அடுக்கிப் பழகிய விரல் என்பதால் பொத்துவதும் விடுவதும் அவளுக்கு ஒரு வேலையாகவே தெரியவில்லை.

எண்ணெய்தான் பெரிய பாடு. கடைச் சட்டியில் எண்ணெய் நிறைந்து கிடக்கும். அதில் பத்துப் பதினைந்து மிட்டாயை ஒரே ஈட்டில் போட்டாலும் சூடு அசையாது. எங்கள் வீட்டு வாணலியில் செக்கிலிருந்து வாங்கிவந்த எண்ணெய் ஒரு லிட்டர்கூட இருக்காது. நாலு மிட்டாயைப் போட்டதும் எண்ணெய் குளிர்ந்துபோய், மாவு பொரியாமல் ஊறிக்கொண்டு கிடக்கும். மாமா விறகைத் தள்ளித் தீயை ஏற்றினார். அடுத்த ஈடு மேலே கருகி உள்ளே மாவாக வந்தது. அவருடைய கண்ணும் காதும் பெரிய சட்டிக்குப் பழகியவை. சட்டியின் சத்தத்தை வைத்தே பதம் சொல்கிறவர். சின்னச் சட்டி அவரிடம் பேசவே இல்லை.

அகலச் சட்டியை விட்டுவிட்டு, குழம்பு வைக்கிற குழிந்த இரும்புச் சட்டிக்கு அம்மா மாறினாள். அதே எண்ணெய்தான், ஆனால் இப்போது ஆழம் கிடைத்தது. ஒரு ஈட்டுக்கு இரண்டே மிட்டாய், அதுவும் உள்ளங்கையில் அடங்குகிற அளவு. மாவு விழுந்ததும் சட்டி சலசலவென்று கொதிக்கும். அந்தக் குமிழி எல்லாம் மாவுக்குள் இருந்த தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதுதான். தண்ணீர் போனபிறகு உள்ளே வெற்றிடம் நிற்கும். சலசலப்பு அடங்கி முணுமுணுப்பாக மாறுகிற நேரத்தில் கண்ணாப்பையால் அள்ளவேண்டும். முந்தினால் உள்ளே ஈரம். பிந்தினால் பாகுக்கு இடமே இல்லாமல் இறுகிப்போகும்.

அள்ளியதை ஆறவிடக்கூடாது. நேராகப் பாகில் போட்டு, மேலே மிதக்கவிடாமல் கரண்டியால் அமுக்கிப் பிடிக்கவேண்டும். சூடான குழாய்க்குள் இருக்கிற ஆவி பாகில் விழுந்ததும் சுருங்கும். சுருங்குகையில் பாகை உள்ளே உறிஞ்சும். ஆறின மிட்டாயை எவ்வளவு நேரம் போட்டு வைத்தாலும் மேலேதான் பூசிக்கொள்ளும். மாமா இதை விளக்கமாட்டார். “சூடு சூட்டைத் திங்கும்” என்று மட்டும் சொல்வார்.

இப்போது பாகுக்கு வரவேண்டும். சொல்லப்போனால் மிட்டாயே பாகுதான், மாவு அதை ஏந்திக்கொண்டு வருகிற பாத்திரம். பிழிகிறவருக்குக் கூலி அதிகம் என்பதில் எனக்கு இன்றுவரை சம்மதமில்லை. மாமாவின் காதில் விழாமல் சொல்லி வைக்கிறேன்.

கருப்பட்டி எங்களுக்கு உடன்குடிப் பக்கத்திலிருந்து வரும். பனையேறுகிறவர்கள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டுவார்கள், அதனால் பதநீர் கள்ளாகப் புளிக்காமல் நிற்கும். அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்ததுதான் கருப்பட்டி. கோடையில் வாங்கியதை அம்மா அடுப்புக்கு மேலே பரணில் ஓலைப்பெட்டிக்குள் போட்டு வைப்பாள். அடுப்புச் சூடும் புகையும் பட்டுக்கொண்டே இருந்தால் மழைக்காலத்தில் கசியாது. ஐப்பசியில் அதைக் கீழே இறக்கும்போது மேலே கரி படிந்து, உடைத்தால் உள்ளே தவிட்டு நிறமாக இருக்கும். அதன் வாசனை புதுக் கருப்பட்டிக்கு வராது.

கருப்பட்டியைத் தட்டி, பாதி அளவு தண்ணீரில் கரையவிட்டு, கட்டாயம் வடிகட்டவேண்டும். மண் இருக்கும், பன்னாடைத் துணுக்கு இருக்கும், சுண்ணாம்பு வண்டல் இருக்கும். வடிகட்டிய பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றிச் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவில் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று ஒட்டவேண்டும், கம்பி எழும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இடம். அங்கே நிறுத்தவேண்டும். முழுக் கம்பிக்குப் போனால் பாகு குழாய்க்குள் நுழையாது. அதற்கு முன்பே இறக்கினால் மிட்டாய் கஞ்சியில் போட்ட வடையாகிவிடும்.

கடையில் பாகுக் குண்டான் பெரிய அடுப்பின் ஓரத்திலேயே இருக்கும், ராத்திரி முழுக்க ஒரே சூடு. வீட்டில் அரைச் சட்டிப் பாகு, இரண்டு ஈடு போடுவதற்குள் ஆறிக் கெட்டியாகும். அடுப்பில் வைத்தால் சுண்டிப் பதம் தப்பும். மாமா, “இதுக்குத்தான் சொன்னேன்” என்று எழுந்து திண்ணைக்கே போய்விட்டார். அம்மா அகலமான சட்டியில் வெந்நீர் வைத்து, பாகுச் சட்டியை அதற்குள் இறக்கி, கீழே தணலை மட்டும் தள்ளிவிட்டாள். தண்ணீரின் சூட்டுக்கு மேலே பாகுக்குச் சூடு ஏறாது, ஆறவும் ஆறாது. அன்றைக்கு வந்த மிட்டாயை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். கடித்தார். வெளித்தோல் உடைந்து, உள்ளே நின்ற பாகு மோவாயில் வழிந்தது. துடைத்துக்கொண்டு, “சுழி இல்லையே” என்றார்.

வெள்ளையாகப் பூத்த விஷயத்துக்கும் அந்த மழைக்காலத்தில் பதில் கிடைத்தது. கருப்பட்டியில் சீனியைக் கலந்து காய்ச்சுகிற பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. சீனி கூடிய பாகு ஆறினதும் மணல் மணலாக உறைந்து மேலே வெளுப்பாகப் படியும். வீட்டுப் பரண் கருப்பட்டியில் போட்ட மிட்டாய் மறுநாளும் கருப்பாக, பளபளவென்று இருந்தது. அதிலிருந்து புதுக் கருப்பட்டி வாங்கினால் அம்மா இரண்டு மிட்டாய் போட்டு ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பாள். பூத்தால் வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பனை குறைந்தது, செங்கல் சூளைக்கு வெட்டி வெட்டிப் போனது, ஏறுகிறவர்கள் பிள்ளைகளைப் பனையேற விடவில்லை. மாநில மரம் என்று பெயர் வைத்த மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு சொன்னது 2021-இல்தான். அதற்குள் எங்கள் கண்மாய்க் கரையில் நின்ற வரிசை காலியாகியிருந்தது.

மாமா பிறகும் பல ஆண்டு சட்டியோடு போய்வந்தார். முதலாளியின் மகன்கள் தொழிலை விட்ட பிறகு எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். வீட்டு மிட்டாயை அவர் ஒருநாளும் ‘மிட்டாய்’ என்று ஒத்துக்கொண்டதில்லை. ‘அக்கா போடுற அது’ என்பார். ஆனால் அக்கா அதைப் போடுகிற நாளில் எந்த வேலை இருந்தாலும் வீட்டைவிட்டு நகரமாட்டார்.

இப்போது கோயம்புத்தூரில் என் தங்கை போடுகிறாள். கிரைண்டரிலும் அதே சிக்கல்தான், ஒரு உழக்கு அரிசி கல்லில் ஏறுவதில்லை. அவளும் விரலால்தான் தண்ணீர் தெளிக்கிறாள். சிரட்டைக்குப் பதிலாகத் தக்காளி சாஸ் பாட்டில். மூக்கு நீளமாக இருப்பதால் சுழிகூட வருகிறது. அதைப் படம் எடுத்து அனுப்பியபோது மாமா கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து, கிட்டக் கொண்டுவந்து, பெரிதாக்கிக் காட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். “ரெண்டாம் வட்டம் முதல் வட்டத்துல ஒட்டல பாரு. எடுக்கும்போது பிரிஞ்சிரும்” என்றார். தங்கையிடம் கேட்டேன். பிரிந்ததாம்.

ஒவ்வொரு தடவையும் பாகு கொஞ்சம் மீந்துவிடும். கடையில் அது ஒரு பிரச்சினையே இல்லை. இன்றைய மிச்சம் நாளைய குண்டானுக்குப் போகும், அடுத்த ஊர் வரைக்கும் போகும். வீட்டில் எண்ணெய் கலந்த அரைக் கிண்ணம் பாகை வைத்துக்கொண்டு என்ன செய்ய? காப்பிக்கு ஆகாது, மேலே எண்ணெய் மிதக்கும். அம்மா அரிசியையும் பாசிப்பயறையும் வறுத்துத் திரித்து, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப்போட்டு, அந்தப் பாகை ஊற்றிச் சூட்டோடு பொரிவிளங்காய் பிடித்துவிடுவாள். அதற்கு இவ்வளவு மாவு என்று அவள் அளப்பதில்லை. பாகு எவ்வளவு மீந்ததோ அவ்வளவு. மாமாவுக்கு அது பிடிக்காது, பல் இல்லை. தங்கை மீந்த பாகைக் குளிர்பெட்டியில் வைத்துத் தோசைக்குத் தொட்டுக்கொள்கிறாளாம்.